ஜனாஸா எரிப்பும் நமது பேஸ்புக்கும்: எம்.பி.மார் எதற்கு அசைந்தார்கள்?



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 வகுப்பில் டொனமூர் அரசியலமைப்பைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். 1931 இல் 21 வயது நிறைந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்தது என்று சொல்லி முடித்தபோது ஒரு பிள்ளை கேட்டது: "சேர், வாக்கு அஞ்சு வருசத்துக்கு ஒருக்காத்தானே. மத்த நாள்ல எம்.பி.க்கு எப்படிச் சொல்றது?" நாம் வாய் திறப்பதற்குள் பின்வரிசையில் இருந்து பதில் வந்தது: "பேஸ்புக்ல போட்டா சரி. ஜனாஸா எரிச்சதையும் பேஸ்புக்லதானே நிப்பாட்டின."

அந்தப் பிள்ளைக்கு 2020 இல் பத்து, பதினொரு வயது இருக்கும். வீட்டில் பெரியவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறது.

இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறையில் இதே பேச்சு. கல்வியியற் கல்லூரியில் ஒன்றாகப் படித்து, இப்போது ஒரே பாடசாலையில் இருக்கும் நாங்கள் நான்கு பேர். ஒருவர் "பிள்ளை சொன்னது சரி" என்றார். இன்னொருவர் "இம்ரான் கான் வராவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது" என்றார். மூன்றாமவர் ஜெனீவா என்றார். வரலாறு படிப்பிப்பவர்களுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், திகதிகளை வரிசையாக எழுதிப் பார்ப்பதுதான். அப்படி எழுதியதில் எங்களுக்கே வெட்கமாகிப்போன ஒரு விடயம் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

*1905: தொப்பிக்காகக் கூடியவர்கள்*

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். பேஸ்புக் இல்லாத காலத்தில் நமது மூத்தவர்கள் அதிகாரத்தில் இருப்பவர்களிடம் எப்படிப் பேசினார்கள்?

1905 மே 2. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சட்டத்தரணி எம்.சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் எழுந்து நின்றார். பிரதம நீதியரசர் லேயார்ட், தொப்பியைக் கழற்ற வேண்டும், இல்லையேல் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்றார். அப்துல் காதர் இரண்டுக்கும் உடன்படாமல் வெளியேறினார்.

அன்று நமக்கு வாக்கும் இல்லை, தெரிவு செய்யப்பட்ட பிரதிநிதியும் இல்லை. சட்டசபையில் முஸ்லிம்களுக்கென்று இருந்த ஓர் உறுப்பினரும் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர். அப்படியிருந்தும் மூத்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு குழு அமைத்தார்கள். ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் போன்றவர்கள் அதில் முன்னின்றார்கள். டிசம்பர் 31 ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளாகத்தில் பெருங்கூட்டம் கூடினார்கள். தீர்மானம் நிறைவேற்றி பிரித்தானிய மன்னர் வரைக்கும் கொண்டுபோனார்கள். பின்னர் தொப்பி அணிந்து வாதாட அனுமதி கிடைத்தது.

இதில் மூன்று விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கோரிக்கை ஒன்றே ஒன்று. அதை யாரிடம் கேட்கிறோம் என்பது தெளிவு. கேட்பவர்கள் யார் என்பதும் தெளிவு. கூட்டத்துக்கு வந்தவர்கள் முகத்தைக் காட்டி வந்தார்கள். இனி 2020 க்கு வருவோம்.

*320 நாட்கள்*

2020 மார்ச் 24 இல் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் வந்தது. கொரோனாவால் மரணித்தவர்களை அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம். நமது சுகாதார அமைச்சின் முதல் வழிகாட்டலும் இரண்டையும் அனுமதித்தது. மார்ச் கடைசியில் நமது சமூகத்தில் முதல் மரணம் நிகழ்ந்தது. அந்த ஜனாஸா எரிக்கப்பட்டது. ஏப்ரல் 11 இல் எரிப்பது கட்டாயம் என்று வர்த்தமானி வெளியானது.

அன்று முதல் 2021 பெப்ரவரி 25 இல் அந்த வர்த்தமானி மாற்றப்படும் வரை 320 நாட்கள். இந்த நாட்களில் எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் 276 பேர் என்று 2024 ஜூலையில் அமைச்சரவையே சொன்னது.

இப்போது பாராளுமன்றத்தின் திகதிகளை இதன் பக்கத்தில் வையுங்கள். 2020 மார்ச் 2 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டிருந்தது. வர்த்தமானி வந்தபோது கேள்வி கேட்கச் சபையே இல்லை. ஆகஸ்ட் 5 தேர்தல். அதாவது வர்த்தமானி வந்து நான்கு மாதத்துக்குள் நாட்டில் உள்ள எல்லா வேட்பாளர்களும் நமது வாசலுக்கு வந்தார்கள். விருப்பு இலக்கம் அச்சிட்ட துண்டைக் கையில் தந்தார்கள். நாம் பாலம் கேட்டோம், மைதானம் கேட்டோம், மகனுக்குத் தொழில் கேட்டோம். "ஜனாஸா விடயத்தில் சபையில் என்ன செய்வீர்கள், எழுதித் தாருங்கள்" என்று எங்கள் நான்கு பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அப்போது மரணங்கள் மிகக் குறைவு. விடயம் தானாக ஓய்ந்துவிடும் என்று நினைத்தோம்.

ஒக்டோபர் 22 இல் இருபதாவது திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 156, எதிராக 65. மூன்றில் இரண்டுக்குத் தேவைப்பட்டது 150. ஆதரவளித்தவர்களில் 8 பேர் எதிரணியினர். அந்த எட்டில் 6 பேர் முஸ்லிம்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே மனப்பாடம். 156 இல் அந்த எட்டைக் கழித்துப் பாருங்கள்: 148. அந்த எட்டுப் பேரின் கையில் அன்று எவ்வளவு பலம் இருந்தது என்பதை இந்த ஒரு கழித்தல் கணக்கு சொல்லும்.

வாக்களித்தால் ஜனாஸா விடயம் சரியாகிவிடும் என்ற பேச்சு அன்று ஊரெங்கும் உலவியது. ஒன்றும் சரியாகவில்லை.

அந்த இரவு நமது பேஸ்புக் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? நாங்கள் மறக்கவில்லை. எங்கள் ஆசிரியர் வட்ஸ்அப் குழுமத்தில் விடியும் வரை பதிவுகள். நாங்கள் வாக்களித்து அனுப்பிய ஒருவரின் படத்தை நாய் உடலில் ஒட்டிய மீம் வந்தது. அவருடைய பிள்ளைகளின் படத்தையும் இழுத்தோம். பிள்ளைகளுக்கு ஒழுக்கம் படிப்பிக்கிற நாங்கள்தான் சிரித்தோம், பகிர்ந்தோம்.

இந்த முறை திகதிகளை எழுதியபோது எங்களில் ஒருவர் தனது பழைய கைபேசியை எடுத்துக் குழுமத்தின் பழைய உரையாடலைத் தேடினார். வாக்கெடுப்புக்குப் பிந்திய மூன்று நாட்களில் நூற்றுக்கணக்கான செய்திகள். வாக்கெடுப்புக்கு முந்திய வாரத்தில்? இடமாற்றம், சம்பள முரண்பாடு, ஒன்லைன் வகுப்பு. இருபதாவது திருத்தம் பற்றி ஏழெட்டுச் செய்திகள், எல்லாம் எங்கிருந்தோ வந்து அனுப்பிவைத்தவை. அந்த உறுப்பினருக்கு ஒரு கடிதம் இல்லை. ஒரு தொலைபேசி அழைப்பு இல்லை. அவருடைய பக்கத்தில் "நாங்கள் இன்ன ஊர், உங்களுக்கு வாக்களித்தோம், ஜனாஸாவுக்குத் தீர்வு வராமல் கை உயர்த்தாதீர்கள்" என்று ஒரு வரி இல்லை.

அவர் நினைத்திருந்தால் நமக்காக ஏதாவது கேட்டிருக்கக்கூடிய நாட்களில் நாங்கள் மௌனம். எதுவும் செய்ய முடியாமல் போன பிறகு கூச்சல்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறோம். ஒக்டோபர் 22 வரை நாடு முழுவதும், எல்லாச் சமூகங்களிலும் சேர்த்து, கொரோனா மரணங்கள் 20 ஐக்கூட எட்டவில்லை. அப்படியானால் அந்த 276 பேரில் மிகப் பெரும்பாலானோர் அந்த வாக்கெடுப்புக்குப் பிறகு மரணித்தவர்கள். நாங்கள் முன்கூட்டியே கேட்டிருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்லவில்லை. அல்லாஹ்வே அறிந்தவன். ஆனால் கேட்டோம் என்று சொல்லிக்கொள்ளவாவது முடிந்திருக்கும்.

*வெள்ளைத் துணி*

டிசம்பர் 1 இல் உயர் நீதிமன்றம் அடிப்படை உரிமை மனுக்களை விசாரணைக்கு எடுத்துக்கொள்ளாமல் நிராகரித்தது. அடுத்த கிழமை, பிறந்து 20 நாட்களே ஆன ஒரு குழந்தை பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. அதன் பிறகு நடந்ததுதான் அந்தப் பிள்ளை சொன்ன "பேஸ்புக்".

பொரளை கனத்தை மயானத்தின் வேலியில் சிலர் வெள்ளைத் துணி கட்டினார்கள். கபன் துணியின் நினைவாக. அடுத்த நாள் காலை துணிகள் அகற்றப்பட்டிருந்தன. அகற்றியதுதான் தாமதம், நாடெங்கும் வீட்டு கேட்டுகளில், வேலிகளில், கடை வாசல்களில், முச்சக்கரவண்டிகளில் வெள்ளைத் துணி. ஆளாளுக்குப் படம் எடுத்துப் போட்டார்கள். சிங்களச் சகோதரர்கள் கட்டினார்கள், தமிழ்ச் சகோதரர்கள் கட்டினார்கள், அருட்தந்தையர்கள் கட்டினார்கள். கட்டாய எரிப்பை நிறுத்து என்ற ஒரே வாசகம் மூன்று மொழியிலும் ஓடியது.

ஒக்டோபர் கூச்சலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதில் வசை இல்லை. கோரிக்கை ஒன்றுதான். துணி தன் வீட்டு வாசலில் இருந்தது, அதாவது கேட்பவருக்கு ஒரு முகவரி இருந்தது. முஸ்லிம் அல்லாதவர்கள் சேர்ந்துகொள்ள இடமும் இருந்தது. திட்டிப் போடும் பதிவில் மற்றச் சமூகத்தவர் எப்படிச் சேருவார்?

இக்காலத்தில் சபையில் பேசிய சில உரைகள் கைபேசிக்குக் கைபேசி பரவின. மட்டக்களப்பு உறுப்பினர் சாணக்கியன் ஜனாஸா எரிப்புக்கு எதிராகப் பேசியதை நமது தாய்மார்கூடக் கேட்டார்கள். திட்டுவதற்கு மட்டும் பகிர்ந்துகொண்டிருந்த நாம், ஒரு பிரதிநிதி சரியாகப் பேசினால் அதையும் பகிரலாம் என்று அப்போதுதான் கற்றோம். ஒருவருக்குக் கிடைக்கும் வரவேற்பை மற்ற உறுப்பினர்களும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

2021 ஜனவரியில் இலங்கை மருத்துவ சங்கம் அடக்கம் செய்வதை அனுமதிக்கலாம் என்றது. பெப்ரவரி 3 முதல் 7 வரை பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியின் கோரிக்கைகளில் ஜனாஸா எரிப்பும் இருந்தது. கிழக்கில் நமது ஊர்கள் அதில் இறங்கி நடந்தன. பெப்ரவரி 10 இல் எஸ்.எம். மரிக்கார் சபையில் கேட்ட கேள்விக்கு, அடக்கம் செய்ய அனுமதிப்போம் என்று பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ பதில் சொன்னார். உடனே பிரதமர் இம்ரான் கான் அதை வரவேற்று டுவிட்டரில் எழுதினார். ஆனால் இங்கே அடுத்த நாளே "நிபுணர் குழுதான் தீர்மானிக்கும்" என்று பேச்சு மாறியது.

பெப்ரவரி 22 இல் ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவை கூடியது. அங்கே இலங்கைக்கு முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் தேவைப்பட்டன. 23 இல் இம்ரான் கான் கொழும்பு வந்தார். அன்றே ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால் மாதிரி ஜனாஸாவைச் சுமந்து ஆர்ப்பாட்டம் நடந்தது. 25 இரவு வர்த்தமானி வந்தது.

அதோடும் முடியவில்லை. இரணைதீவில் அடக்கலாம் என்றார்கள். நீண்டகாலம் இடம்பெயர்ந்திருந்து தங்கள் தீவுக்குத் திரும்பியிருந்த அந்த மக்கள் எதிர்த்தார்கள். பின்னர் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மார்ச் 5 இல் முதல் நல்லடக்கம். ஓராண்டில் 3,600 க்கும் அதிகமானோர் அந்த மண்ணில் அடக்கப்பட்டார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் அங்கே உறங்குகிறார்கள்.

*அப்படியென்றால் யார் நிறுத்தியது?*

எங்கள் நால்வரின் முடிவு இதுதான். பேஸ்புக் தனியாக நிறுத்தவில்லை. ஜெனீவாவின் வாக்குக் கணக்கும் இம்ரான் கானின் வருகையும் இல்லாமல் அந்தத் திகதியில் அது நடந்திருக்காது. ஆனால் அந்த வாய்ப்பு வரும்போது விடயம் உயிரோடு இருந்ததே, அதற்கு வெள்ளைத் துணி காரணம். எட்டு மாதம் நமது வீட்டுக்குள் இருந்த அழுகை டிசம்பரில் நாட்டின் கேள்வியானது. சபையில் பேசியவர்களுக்குத் தைரியம் வந்தது. வெளிநாட்டுத் தூதரகங்களின் கண்ணுக்கும் பட்டது. சமூக ஊடகத்தின் வேலை அவ்வளவுதான். அது சின்ன வேலையும் அல்ல.

ஓர் எம்.பி. எதற்கு அசைவார் என்பதையும் யோசித்தோம். நமது தேர்தல் முறையில் அவர் மாவட்டத்தில் இருந்து விருப்பு வாக்கால் வருகிறார். அவருடைய எதிரி மற்றக் கட்சிக்காரர் மட்டுமல்ல, அதே பட்டியலில் பக்கத்து இலக்கத்தில் நிற்பவரும்தான். சில ஆயிரம் வாக்கில் ஆசனம் மாறும். ஆகவே பதிவுக்குக் கீழே எத்தனை கருத்து என்று பார்ப்பதைவிட, அதில் எத்தனை தன் மாவட்டத்து வாக்கு என்றுதான் அவர் பார்ப்பார். போலிக் கணக்கில் இருந்து வரும் ஆயிரம் வசையை அவருடைய இணைப்பாளர் ஒரே அமுக்கில் அழித்துவிடுவார். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கும் நமது சகோதரர்களின் கோபம் நியாயமானது; ஆனால் அங்கிருந்து வாக்களிக்க வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். அதே சகோதரர் ஊரில் உள்ள தன் குடும்பத்தைக் கொண்டு கேட்க வைத்தால் கணக்கு வேறு.

2022 ஏப்ரலையும் பாருங்கள். "கோட்டா கோ ஹோம்" ஹேஷ்டேக் ஓடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 3 இல் அரசாங்கம் சமூக ஊடகங்களை முடக்கியது. ஒரு நாள்கூட முழுதாக நிலைக்கவில்லை. ஏப்ரல் 5 இல் ஆளும் தரப்பில் 40 க்கும் மேற்பட்டோர் சுயாதீனமாக இருப்போம் என்றார்கள். ஹேஷ்டேக்கைக் கண்டு பயந்தார்களா? எரிவாயு வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்ற சொந்த ஊர் மக்கள் தங்கள் வீட்டு வாசலுக்கு வந்ததைக் கண்டுதான் பயந்தார்கள். ஹேஷ்டேக் அந்த மக்களை ஒருவருக்கொருவர் அடையாளம் காட்டியது.

அந்த ஆறு பேரில் ஒருவரும் 2024 நவம்பர் தேர்தலில் வெல்லவில்லை. அது நமது மீம்களின் வெற்றி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 159 ஆசனங்களை ஒரே அணி எடுத்த அலை அது. நல்லவர்களும் அதில் அடிபட்டுப் போனார்கள்.

*நாளைக்கு என்ன செய்யலாம்?*

அதிகாரத்தில் இருப்பவர்கள் சமூக ஊடகத்தைக் கணக்கெடுக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 2024 ஜனவரி 24 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 108 க்கு 62 என்று நிறைவேற்றினார்கள். அரச ஊழியர்கள் சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்வது பற்றித் தாபனக் கோவையை நினைவூட்டி 2022 இல் சுற்றுநிருபமும் வந்தது. ஆசிரியர்களான நாங்கள் அந்த வரம்பை அறிந்துதான் எழுதுகிறோம். இன்றைய எந்த அரசியல்வாதிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ இதில் ஒரு வரியும் இல்லை. நடந்து முடிந்ததில் இருந்து பாடம் எடுப்பது எங்கள் தொழில்.

அந்தப் பாடத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

வாக்கெடுப்புக்கு முன்னர் கேளுங்கள். சட்டமூலம் வர்த்தமானியில் வந்த நாளில் இருந்து வாக்கெடுப்பு வரை உள்ள நாட்கள்தான் நமது நாட்கள்.

ஊரைச் சொல்லிக் கேளுங்கள். சொந்தப் பெயரில், எந்தத் தொகுதி என்று குறிப்பிட்டு, ஒரே ஒரு கோரிக்கையை வையுங்கள். பதிவாக மட்டும் போடாமல் கடிதமாகவும் அனுப்புங்கள். பாராளுமன்றத்தில் பொது மனுக்கள் பற்றிய குழு ஒன்று இருக்கிறது. அதற்கு மனு போக வேண்டுமானால் ஓர் எம்.பி. மூலமாகத்தான் போகும். உங்கள் எம்.பி.யைக் கேளுங்கள், சமர்ப்பித்தால் நன்றி சொல்லிப் படத்தோடு பதிவிடுங்கள், மறுத்தால் அதையும் மரியாதையாக எழுதுங்கள்.

பிள்ளைகுட்டிகளை இழுக்காதீர்கள். பொய்ச் செய்தியைப் பகிராதீர்கள். 2018 திகனையில் பேஸ்புக் பொய்களால் எரிந்தது நமது கடைகளும் வீடுகளும்தான். தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு அந்த நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. அதே ஆயுதத்தை நாம் கையில் எடுத்தால் நாளை நியாயம் கேட்க நமக்கு வாயிருக்காது.

கடைசியாக ஒன்று. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியபோது, அடக்குவதா எரிப்பதா என்பதை அவரவர் தெரிவுக்கு விடும் ஒரு சட்டம் கொண்டுவரப்படும் என்றும் சொல்லப்பட்டது. அது முஸ்லிம்களுக்கு மட்டுமான சட்டம் அல்ல, எந்தச் சமூகத்துக்கும் இப்படி இனி நடக்காமல் இருப்பதற்கானது. அதைப் பற்றி உங்கள் மாவட்ட உறுப்பினரிடம் இந்தக் கிழமை ஒரு கடிதம் எழுதிக் கேளுங்கள். நாங்கள் நால்வரும் எழுதிவிட்டோம். 2020 ஒக்டோபரில் எழுதாத கடிதம் அது. ஐந்து வருடத்துக்கும் மேல் பிந்திவிட்டது.

வகுப்பில் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன பதில் சொன்னோம் என்று கேட்பீர்கள். திகதிகளைக் கரும்பலகையில் எழுதினோம். 156, 65, 150, 8 என்ற இலக்கங்களையும் எழுதினோம். பின்வரிசைப் பிள்ளை கழித்துப் பார்த்துவிட்டு, "அப்ப சேர், நீங்க எல்லாம் அந்த நேரம் என்ன செய்தீங்க?" என்று கேட்டது.

உண்மையைச் சொன்னோம்.

எரிக்கப்பட்ட நமது உறவுகளின் பாவங்களை அல்லாஹ் மன்னித்து, அவர்களுக்கு ஜன்னத்துல் பிர்தௌஸைத் தருவானாக. ஆமீன்.